நைனா தேர்ந்தெடுத்த தேதி

நம் செட்டு ஆட்களுக்கு நாற்பது நெருங்கிவிட்டது. படியேறினால் முட்டி சத்தம் போடுகிறது. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறோம். போன மாதம் நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் செல்போன் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள், ஆகஸ்ட் பதினைந்து என்றால் யாருக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று. ஆளாளுக்கு எழுதினீர்கள். சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, பல்லில் ஒட்டிக்கொள்ளும் ஆரஞ்சு மிட்டாய், எவ்வளவு இழுத்தும் முடிச்சு அவிழாமல் பி.டி. மாஸ்டரின் மானத்தை வாங்கிய கொடிக்கயிறு. நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கு எல்லோருடைய கலகலப்பையும் கெடுத்திருப்பேன். அதனால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் பிறந்தான். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது என் நைனா.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தோம். மாடியில் துணி காயப்போட்டால் எடுக்கும்போது நாலு உதறு உதற வேண்டும். இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கறுப்புத் தூசி வெள்ளைத் துணியாகப் பார்த்து உட்காரும். என் யூனிஃபார்ம் சட்டை எத்தனை சொட்டு நீலம் போட்டாலும் வெளுத்ததில்லை.

நைனா ஒரு உருக்காலையில் டைம் ஆபீஸ் பார்த்தார். ஆயிரம் டிகிரி உலையோடு அவருக்குச் சம்பந்தம் கிடையாது. வாசலில் சின்ன அறை, அதில் ஒரு மெஷின், அட்டையை நுழைத்தால் 'டொக்' என்று நேரம் குத்தும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு என்றைக்கு லீவு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வருடத் தொடக்கத்தில் லீவு நாட்களை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் அவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நைனா பிறந்தது ஜனவரி இருபத்தாறு. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, தீராத ஒரு மனக்குறையும் இருந்தது. அந்த நாள்தான் அசல் சுதந்திர தினம் என்பது அவர் கட்சி. சும்மா சொல்லவில்லை, அது சரித்திரம்தான். கம்பெனியில் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் கொடியேற்றியதும் நைனாதான் பேசுவார். மேனேஜர் வடக்கத்திக்காரர், 'வணக்கம்' தாண்டித் தமிழ் வராது. மைக்கைப் பிடித்துவிட்டால் நைனாவின் நாக்கு சுத்தத் தமிழுக்கு மாறிவிடும்.

"தோழர்களே, நாடு விடுதலை பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே நாம் சுதந்திர தினம் கொண்டாடத் தொடங்கிவிட்டோம். முழு விடுதலைதான் வேண்டும் என்று லாகூரில் தீர்மானம் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, ஜனவரி இருபத்தாறு. ஊர் ஊராகக் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் அதுதான் சுதந்திர தினம்."

பிறகு குரலை இறக்குவார். ஆகஸ்ட் பதினைந்தை யார் வைத்தது தெரியுமா என்று கேட்பார். யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் பசி. கடைசி வைஸ்ராய்க்கு அடுத்த ஆண்டு ஜூன் வரைக்கும் அவகாசம் இருந்ததையும், பத்திரிகைக்காரர்கள் தேதி கேட்டதும் அவர் மளமளவென்று ஆகஸ்ட் பதினைந்து என்று சொல்லிவிட்டதையும் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். ஜப்பான் சரணடைந்த நாள் அது. அந்தப் போரில் அவர் தளபதியாக இருந்தவர், அதனால் அவருக்கு ராசியான தேதி. ஜோசியர்கள் நாள் சரியில்லை என்று கூச்சல் போட, பதினாலாம் தேதி ராத்திரியே சபையைக் கூட்டி நடுராத்திரியில் ஒப்பேற்றினார்கள். "நமது பழைய சுதந்திர தினத்தைத் தலைவர்கள் மறக்கவில்லை. அரசியல் சட்டம் நவம்பரிலேயே தயாராகிவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் காத்திருந்து, ஜனவரி இருபத்தாறில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நாளுக்காக ஒரு நாடே காத்திருந்தது."

இந்த இடத்தில் வருடா வருடம் கூட்டத்தின் பின்னாலிருந்து யாராவது ஒருவர், "சார், வட ஆறிப்பூடுது," என்பார். மந்தார இலையில் கட்டிய பொங்கல் வடைப் பொட்டலம் மேசை மேல் அடுக்கி வைத்திருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள், நைனாவும் சிரிப்பார். குடும்பத்தோடு போகும் எங்களுக்கும் ஆறிய வடைதான். அந்த வடையைச் சூடாக நான் தின்றதே இல்லை.

அந்த வருடம் அம்மா முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு பதிமூன்று வருடம் கழித்து. எனக்கு ஒரே வெட்கம். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை, நீங்கள் எல்லோரும் எப்படியோ தெரிந்துகொண்டு கிண்டல் செய்தீர்கள். வீட்டில் மட்டும் ஒரு திருவிழாக் களை. தெருக்கோடிப் பெட்டிக்கடையிலிருந்து நைனா தினம் ஒரு மாதுளம்பழம் வாங்கி வருவார். உரித்து, முத்துக்களைக் கிண்ணத்தில் போட்டு, அம்மா தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் பிறந்ததே ஆபரேஷன். இந்தக் குழந்தையும் ஆபரேஷன்தான் என்று நர்சிங் ஹோம் டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார். நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லையே. ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு போய் நீட்டுகிறோம், அவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். நைனாவுக்கு ஜோசியம் பிடிக்காது. அவர் நீட்டியது சரித்திரம்.

"பதினஞ்சாம் தேதி வச்சுக்கலாம் டாக்டர். நான் இருபத்தாறு, புள்ள பதினஞ்சு. ஒரே ஊட்ல ரெண்டு சுதந்திர தினம்."

டாக்டரம்மா சிரித்தார். ஸ்கேன் பேப்பரைப் பார்த்தார். முப்பத்தேழு வாரம் முடிந்திருக்கும், பரவாயில்லை, ஆனால் பத்து நாள் பொறுத்தால் இன்னும் நல்லது என்றார். நைனாவின் காதில் 'பரவாயில்லை' மட்டும்தான் விழுந்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தை வந்திருந்தாள், பிரசவம் பார்க்க. நைனாவுக்கு அக்கா. தேதியைக் கேட்டதும் ஊர் ஜோசியரிடம் ஃபோன் போட்டுக் கேட்டாள். அன்றைக்கு நாள் சரியில்லை என்று அவர் சொல்ல, வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமானது. நைனா குதூகலமாகிவிட்டார்.

"நாட்டுக்கே அப்டிதான்கா சொன்னாங்க. அப்புறம் இன்னா பண்ணாங்க? நேரத்த மாத்திக்கினாங்க. தேதிய மாத்தல."

"அப்ப காலைல எட்டு மணிக்குள்ள எடுக்கச் சொல்லு. எட்டு தாண்டினா ஆவாதாம்."

"எட்டுக்குள்ள. முடிஞ்சுது பஞ்சாயத்து."

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். மற்றவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ.

"ஸ்கேன் இன்னா வேணா சொல்லட்டும். என் கணக்குல இன்னும் நாள் கீது. உங்க நாளுக்காக ரெண்டு மாசம் காத்துக்கினு இருந்தாங்கன்னு மைக்ல நீங்கதான சொல்வீங்க? எனக்குப் பத்து நாள் குடுங்களேன்."

நைனா ஒரு நொடி அசந்துபோனார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாக்கா, என் பேச்ச கேட்டுக் கேட்டு எனக்கே பாடம் எடுக்கறா," என்றார். அத்தையும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவும் கொஞ்சம் சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. எனக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அந்த முதுகை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தேதி வைத்தவர் இருந்தார், நேரம் குறித்தவர் இருந்தார். வயிற்றைச் சுமந்துகொண்டிருந்தவள் சொன்னது மட்டும் வேடிக்கைப் பேச்சாகப் போய்விட்டது.

பதினைந்தாம் தேதி விடிந்தது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் பாவாடை தாவணி கட்டி, தோளில் காகிதக் கொடி குத்திக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போனேன். நைனா வெள்ளைச் சட்டையில், ஜோபி நிறைய ஆரஞ்சு மிட்டாயோடு வந்தார். சர்வீஸில் முதல் தடவையாக அன்றைக்குக் கம்பெனியில் பேசவில்லை என்று சொல்லியிருந்தார். மாடிப்படிக்குக் கீழே மர பெஞ்சு. எதிரே சுவர்க் கடிகாரம். அத்தை பெஞ்சில் உட்காரவே இல்லை, கடிகாரத்துக்குக் கீழேயே நின்றாள்.

மயக்க ஊசி போடும் டாக்டர் பொன்னேரியிலிருந்து வர வேண்டும். லீவு நாளில் மின்சார ரயில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படிதான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நினைத்த வண்டி அன்றைக்கு இல்லை. அடுத்த வண்டியைப் பிடித்து வேர்க்க விறுவிறுக்க அவர் ஓடி வந்தபோது அத்தை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். உள்ளே எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. டாக்டரம்மாவுக்கும் அவசரம் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் அன்றைக்குச் சிறப்பு விருந்தினர், கொடியேற்ற வேண்டும்.

எட்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் அழுகைச் சத்தம் கேட்டது. பெரிய அழுகை இல்லை. முனகல் மாதிரி வந்து நின்றுவிட்டது. நைனா எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தார். பிள்ளை ஆண் என்று நர்ஸ் அக்கா வந்து சொன்னபோது அவருக்கும் இரண்டு மிட்டாய். டாக்டரம்மா கை கழுவிவிட்டு, புடவையில் கொடி பேட்ஜைக் குத்திக்கொண்டே படியிறங்கினார். "அம்மா நல்லாருக்காங்க. குழந்தைக்கு மூச்சு லேசா வேகமா இருக்கு, ஆக்சிஜன் வச்சிருக்கு. ஃபங்ஷன முடிச்சுட்டு வந்துடறேன்," என்றார். நைனா கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்திலேயே நர்ஸ் அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை நடை வேறு மாதிரி இருந்தது.

"சார், கொழந்த நெஞ்சு குழி உழுவுது. கலர் மாறுது. கொழந்த டாக்டருக்கு ஃபோன் போடுங்க."

குழந்தை டாக்டர் மெட்ராஸிலிருந்து வந்து போகிறவர். வாசலில் இருந்த ஒரு ரூபாய் ஃபோனில் நைனா எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். யாரும் எடுக்கவில்லை. டாக்டரம்மாவைக் கூட்டிவர ஆயாம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். வாட்ச்மேன் உள்ளே விட மாட்டேன் என்கிறார், டாக்டரம்மா மேடையில் இருக்கிறாராம் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள், காத்திருக்காதீர்கள் என்று நர்ஸ் அக்கா சொன்னார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

வண்டி இல்லை. இப்போது மாதிரி எண்ணைத் தட்டினால் ஆம்புலன்ஸ் வருகிற காலமில்லை அது. ஸ்டேஷன் வாசலில் எப்போதும் நிற்கும் கார்கள் ஒன்றுகூட இல்லை. நைனா யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு மிதித்தார். கம்பெனி வேன் இருக்குமே என்று. வேன் ஷெட்டில் இருந்தது. டிரைவர் சாவியோடு மீஞ்சூரில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தான். அவனுக்கு லீவு கொடுத்ததே நைனாதான். ஊரே விடுப்பில் இருக்கும் நாள் எதுவென்று டைப் அடித்து ஒட்டிய மனிதருக்கு, அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தேதியின் சரித்திரம் முழுவதையும் தெரிந்து வைத்திருந்தார். அன்றைக்கு லீவு என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் தண்ணீர் கேன் போடுகிற டெம்போக்காரர்தான் வந்தார். காலி கேன்களைத் தெருவிலேயே உருட்டிவிட்டு ஏறச் சொன்னார். அத்தை துணியில் சுற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள், நைனா ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நெற்றியில் மெல்லிய முடி இருந்தது. "அம்மாவ பாத்துக்கோ," என்று நைனா சொன்னார். டெம்போ போய்விட்டது.

அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, நினைவு நன்றாக இருந்தது. "தம்பி எங்கடி?" என்றாள். மெட்ராஸுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றேன். "பால் குடுக்கலியே," என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாடி முடித்தார்கள். பிறகு ஒரு பெண் குரல், நாம் பெற்ற சுதந்திரத்தைப் பேணிக் காக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசியது. அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"டாக்டரம்மா குரலாட்டம் இல்ல?" என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் அப்படியேதான் கேட்டது.

வழியில் நடந்ததை அத்தை எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம். கவரைப்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்ததாம், கையில் கையளவு கொடிகள். நைனா இறங்கி அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டாராம், வழி விடுங்கப்பா என்று. அவர்களும் சட்டென்று ஒதுங்கினார்களாம். செங்குன்றம் தாண்டும்போதே மடியில் இருந்த பாரம் மாறிவிட்டது என்றாள் அத்தை. நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து, வேகமாகப் போ, வேகமாகப் போ என்று டிரைவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டா அவன் எங்க போவான்டி? அதான் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் துணியால மூஞ்ச மூடிக்கினே ஒக்காந்திருந்தேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருந்தார்களாம். தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை நாள் பத்தாமல் பிறந்திருக்கிறது, நுரையீரல் தயாராகவில்லை என்றார்களாம். அம்மாவின் கணக்குதான் சரி.

வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லித் திட்டித் தீர்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கடிகாரம் ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடியிருக்கும், எட்டு தாண்டியிருக்கும் என்று அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டே ஊருக்குப் போனாள். எல்லாம் கடவுள் கையில் என்றார் டாக்டரம்மா. அம்மா பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் விட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நைனா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பிள்ளைக்கு ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தார். அது என்ன பெயர் என்று இன்று வரைக்கும் எங்களிடம் சொன்னதில்லை.

ஜனவரி இருபத்தாறு வந்தது. நைனாவின் பிறந்த நாள். அம்மா வழக்கம்போல சேமியா பாயசம் வைத்தாள். அவர் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நீ கேட்டது பத்து நாளு," என்றார். அம்மா, "ஆறிடப் போவுது, குடிங்க," என்றாள்.

அடுத்த ஆகஸ்ட் பதினைந்துக்குக் கம்பெனிக்குப் போக எங்களுக்கு மனசே இல்லை. மேனேஜர் ஆள் மேல் ஆள் அனுப்பினார், டைம் ஆபீஸ்காரர் பேசாமல் எப்படி என்று. அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை, பேசினால் மனசு தேறும் என்று நினைத்திருப்பார். அம்மாதான் "வாங்க, நானும் வரேன்," என்று கிளம்பினாள். அவள் எதற்காக வந்தாள் என்பது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

கொடி ஏறியது. மேனேஜர் நைனாவின் தோளில் தட்டி மைக்கைக் கொடுத்தார். எல்லோரும் வெயிலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நைனா தொண்டையைச் செருமினார். "தோழர்களே," என்று ஆரம்பித்தார். லாகூர் வரவில்லை, வைஸ்ராய் வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சுத்தத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"இன்னிக்கு லீவு நாளு. யாரும் இருக்க மாட்டாங்க. டாக்டரு இருக்க மாட்டாரு, வண்டி கெடைக்காது. ஊட்ல வயித்துப் புள்ளக்காரி, சின்னக் கொழந்த, யாரு கீறாங்களோ பத்திரமா பாத்துக்கோங்க. சீக்கிரம் ஊட்டுக்குப் போங்க. அவ்ளோதான்."

மைக்கை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். கை தட்டலாமா என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தட்டவில்லை. வழக்கமாகப் பின்னாலிருந்து வரும் அந்த வடைக் குரலும் வரவில்லை. பொட்டலங்களை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். நான் இலையைப் பிரித்தேன். அந்த வருடம் வடை சூடாக இருந்தது.